கிளறிற்றா அளந்த கால்கள்

லண்டன் வால்தம்ஸ்டோவில் கால் புண்ணுக்கு வீட்டில் மருந்து கட்டிக்கொள்ளும் முதியவர்கள், கிளறிற்றா வரும் நாளைத்தான் கேட்டு வைத்துக்கொள்வார்கள். வேறு நேர்ஸ் ஒருநாள் முன்னதாகவே வருவதாகச் சொன்னாலும் வேண்டாம் என்பார்கள். புண்ணோடு ஒட்டிப்போன பழைய கட்டை உரிக்கும்போது மனிதருக்கு உயிர் போய் வரும். கிளறிற்றா அவசரப்பட மாட்டாள். உப்புநீர் விட்டு ஊறவைத்து, நூல் நூலாக எடுப்பாள். இருபது நிமிட வேலைக்கு நாற்பது நிமிடம் எடுக்கிறாளே என்று மேலதிகாரி ஒருமுறை கேட்டார். "சாப்பாட்டு நேரத்தில சரிக்கட்டிறன்" என்று மட்டும் சொன்னாள்.

மன்னார், பேசாலையிலிருந்து இருபத்துமூன்று வயதில் வந்தவள். முதல் பன்னிரண்டு ஆண்டுகள் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் நேர்ஸிங் படித்தாள். அந்த மூன்று ஆண்டுகளும் சமையல், பஸ் ஓட்டும் கணவர் ஜெராட்டின் பொறுப்பு. முட்டையை எத்தனை விதமாகப் பொரிக்கலாம் என்று பிள்ளைகள் இன்றைக்கும் அவரைக் கேலி செய்வதுண்டு.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயதானபோது, ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடம் புதுவிதமான காய மருந்தொன்றைப் பரிசோதிக்க நேர்ஸ்மாரைத் தேடியது. மருந்தை உருவாக்கிய குழுவில் கம்சிகா என்ற இளம் விஞ்ஞானி இருந்தாள். அறிமுகக் கூட்டத்தில், பிரிட்ஜிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் தன் உள்ளங்கையில் சரித்தாள். தண்ணீர் போல ஓடியது, கைச்சூடு பட்டதும் ஜெலியாகத் திரண்டது. மேலே குளிர்ந்த உப்புநீரை விட்டாள். ஜெல் இளகி, வழிந்து போய்விட்டது.

"எடுக்கேக்க நோகாதோ?" என்று கிளறிற்றா கேட்டாள்.

"நோகாது அன்ரி. அது ஒட்டாது. கழுவ வேண்டியதுதான்."

அன்றைக்கே அவள் பெயர் கொடுத்துவிட்டாள்.

அவளிடம் பன்னிரண்டு நோயாளிகள். எட்டுப் பேருக்கு அது வரமாக வந்தது. கட்டு மாற்றும்போதெல்லாம் துவாயைக் கடித்துக்கொண்டிருந்த சிவனேஸ்வரி அம்மா, எல்லாம் முடிந்து கிளறிற்றா கையுறையைக் கழற்றிய பிறகு, "இன்னும் தொடங்கேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். மற்ற நான்கு பேரிடம் ஜெல் திரளவே இல்லை. தண்ணீராகவே வழிந்து செருப்புக்குள் போனது.

கிளறிற்றா எழுதி அறிவித்தாள். பரிசோதனை அலுவலகம், பூசும் முறையைக் காட்டும் வீடியோவைத் திரும்பவும் அனுப்பி வைத்தது. அவள் கோபிக்கவில்லை. இரண்டு தரம் பார்த்தாள். அதில் காட்டியபடியே செய்தாள். மறுபடியும் வழிந்தது. எட்டுப் பேரிடம் சரியாக வருகிற அதே கை, நான்கு பேரிடம் மட்டும் எப்படிப் பிழைக்கும்? அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

அந்த நால்வரில் ஒருவர் சற்குணம். தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மகளோடு இருப்பவர். தை மாதக் காலையொன்றில், வழிந்த மருந்தைத் துடைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "உம்மட மருந்து என்ர சப்பாத்துக்குத்தான் நல்லது போல" என்றார்.

கிளறிற்றா சிரித்தாள். ஆனால் துடைத்த கை அங்கேயே நின்றது. கையுறைக்கு மேலாலும் அந்த இடது கால் சில்லென்றிருந்தது. பையில் கொரோனா காலத்திலிருந்து கிடந்த, தொடாமல் சூடு பார்க்கும் கருவியை எடுத்தாள். இடது கால் இருபத்தேழு பாகை. வலது கால் முப்பத்திரண்டு. ஜெல் திரள்வதற்கு முப்பத்திரண்டு வேண்டும்.

"ஐயா, இந்தக் கால் எப்ப தொடக்கம் இப்பிடிக் குளிருது?"

"லண்டன் குளிர்தானே பிள்ளை."

"லண்டன் குளிர் ரெண்டு காலுக்கும் ஒண்டுதானே ஐயா."

சற்குணம், மகள் சமையலறையில்தான் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"கடைக்குப் போகேக்க ரெண்டு இடத்தில நிண்டுதான் போறன். கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குது. அவளுக்குச் சொல்லிப்போடாதையும்."

கிளறிற்றா அவருடைய பாதங்களின் மேற்புறத்தில் விரல் வைத்து நாடி பார்த்தாள். வலதில் துடித்தது. இடதில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. காலுக்குப் போதிய இரத்தம் போகவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் பரிசோதித்தபோது எல்லாம் சரியாக இருந்ததென்று கோப்பில் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அவர் வீட்டு நடையில் நின்றே டொக்டரின் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மூன்று கிழமை கழித்து நேரம் தரலாம் என்றார்கள்.

"இவரை இண்டைக்குப் பார்க்கவேணும். நீங்கள் டொக்டரிட்டக் கேட்டிட்டு வாங்கோ. நான் லைனில நிக்கிறன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. இருபத்திரண்டு நிமிடம் நின்றாள். அன்று மாலை டொக்டர் பார்த்தார். அந்தக் கிழமைக்குள்ளேயே ஆசுப்பத்திரியில், தொடையில் ஒடுங்கியிருந்த இரத்தக் குழாயைச் சின்ன பலூன் விட்டு விரித்தார்கள். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்க ஏலாது என்று மகளிடம் சொன்னார்களாம்.

அதன்பிறகு கிளறிற்றா பன்னிரண்டு பேரின் கால்களையும் ஒவ்வொரு முறையும் அளந்தாள். ஜெல் வழிந்தபோதெல்லாம் அந்த நால்வரின் தோலும் முப்பது பாகைக்குக் கீழே. ஒருவரும் விலக்கில்லை. மாசி மாதக் கூட்டத்துக்குத் தாள்களோடு போனாள்.

படிவத்தில் சூட்டுக்கு இடமே இல்லையே, எங்கே எழுதினீர்கள் என்று பரிசோதனை அதிகாரி கேட்டார்.

"இடமில்லை. அதால ஓரத்தில எழுதினன்."

கம்சிகா தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கவே சொன்னாள்: "அன்ரி, நாங்கள் ஸ்ருடன்ற்ஸின்ர கையிலதான் ரெஸ்ற் பண்ணினாங்கள். எல்லாரும் இருபது வயசு. குளிர்ந்த காலை நாங்கள் யோசிக்கவே இல்லை."

ஜெல்லில் இருப்பவை சங்கிலி போல நீண்ட மூலக்கூறுகள். அவற்றில் சேரும் இரண்டு பொருட்களின் அளவை மாற்றினால், திரளும் சூடும் மாறும். எட்டு மாத வேலைக்குப் பின், இருபத்தைந்து பாகையிலேயே திரளும் ஜெல் வந்தது. அது வெயில் நாளில் கார் சூட்டுக்கே குழாய்க்குள் இறுகிவிடும் என்பதால் கிளறிற்றா ஐஸ் பையோடு திரிய வேண்டியிருந்தது. நால்வரில் ஒரு அம்மா அதற்குள் இறந்துபோயிருந்தார். மற்ற இருவருக்கும் புது ஜெல் வழியாமல் நின்றது. சற்குணத்துக்கு அது தேவைப்படவில்லை. இரத்தம் ஓடிச் சூடேறிய காலில் பழைய ஜெல்லே பிடித்தது. புது ஜெல் வருமுன்பே, ஆனியில் புண் மூடியது. அவர் இப்போது நிற்காமல் கடைக்குப் போய் வருகிறார்.

ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது, எழுதியவர்களின் பெயர்களில் ஐந்தாவதாகக் கிளறிற்றாவின் பெயர் இருந்தது. படிவத்தில் தோலின் சூட்டை எழுத ஒரு கட்டமும் வந்துவிட்டது. பாராட்டிய கூட்டாளிகளிடம், "முதல்ல நான் அதை வாசிச்சு முடிக்கவேணும்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டுரையின் சமன்பாடுகள் விளங்கவில்லை என்று கம்சிகாவுக்கே தொலைபேசி எடுத்தாள். அடுத்த ஞாயிறு, கிளறிற்றா தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு வரி விளங்காமல் அடுத்ததற்குப் போக அவள் சம்மதிக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு ஜெராட் ஷிப்ட் முடிந்து வந்தபோது, அவர்கள் மூன்றாம் பக்கத்தில் நின்றார்கள்.