சவப்பெட்டிக் கடையில் ஒதுங்கிய பிற்பகல்

புயலில் எந்தத் துறைமுகமானாலும் சரி என்று ஆங்கிலேயர் சொல்வார்கள். சாதாரண நாளில் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில், வேறு வழியில்லாமல் நுழைகிறவர் சொல்லும் சமாதானம் அது. மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை அதை அடிக்கடி சொல்வார். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நானும் தலையாட்டுவேன்.

முப்பதுகளின் தொடக்கம், மழைக்காலம். நிறைமாத மனைவியையும் அவளுடைய அக்காளையும் தோட்டத்து லாரியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். யோங் பெங் கடைத்தெருவைத் தாண்ட முடியவில்லை. சாலையை வெள்ளம் மூடியிருந்தது. மனைவிக்கு வலி கூடியது. கடைகளெல்லாம் பலகை போட்டு அடைத்திருந்தன. மேட்டில் ஒன்று மட்டும் திறந்திருந்தது: ஒரு சீனரின் சவப்பெட்டிக் கடை.

“பொணப்பெட்டிக் கடையா? புள்ளத்தாச்சி கால வைக்கிற எடமா அது?” என்றாள் அக்காள்.

“பெட்டியில யாரும் இல்லையேக்கா. என்னால முடியல,” என்றாள் என் மனைவி.

வாசலில் நின்ற கடைக்காரர் எங்களைப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

“பாத்தியா, அந்தாளுக்கே இஷ்டமில்ல,” என்றாள் அக்காள்.

“அலமாக், அது இல்லக்கா,” என்றார் லாரி ஓட்டுநர். “பெட்டி விக்கிறவங்க யாரையும் வான்னு கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா சாவக் கூப்பிட்ட மாதிரி. நாமளாத்தான் போவணும் லா.”

நாங்களாகவே ஏறினோம். கடைக்காரரின் மனைவி பெட்டிகளுக்கு நடுவே வழிகாட்டி, பின்கட்டில் இருந்த தன் கட்டிலில் என் மனைவியைப் படுக்கவைத்தார். அக்காளும் உடன் போனாள். முன்கடையில் நின்ற நான், துரையின் வாசகத்தை ஓட்டுநருக்குத் தமிழில் சொன்னேன்.

“இவங்க முன்னால அதச் சொல்லிடாதீங்க கிராணி ஐயா,” என்றார். “வெளியாளு வீட்டுக்குள்ள புள்ள பெத்தா அந்த வீட்டு அதிர்ஷ்டம் போயிரும்னு சீனவங்க பயப்படுவாங்க. தெரிஞ்சேதான் அந்தம்மா கட்டிலக் குடுத்திருக்கு.”

அந்த வாசகம் கப்பலில் இருந்தவர்கள் உண்டாக்கியது. துறைமுகத்துக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. கடைக்காரர் அதற்குள் அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தார்.

மழை ஓய்வதற்கு முன்பே பின்கட்டிலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. அக்காள் ஈரக்கையோடு வந்து, “பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க,” என்றாள். கடைக்காரரிடம், தனக்குத் தெரிந்த ஒரே மலாய் வார்த்தையில், ‘தெரிமா காசே’ என்று மூன்று முறை நன்றி சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அந்தம்மா இஞ்சி தட்டுது, பிள்ளைக்காரிக்கு. தண்ணி வடிஞ்சிருச்சுன்னு உடனே லாரியக் கெளப்பாதீங்க, சொல்லிட்டேன்.”