பூவம்மாளின் முட்டிச்சில்லு

பூவம்மாளுக்கு முதல் தடவை முட்டிச்சில்லு நழுவியபோது வயது பதிமூன்று. தலையில் புல்லுக்கட்டோடு வரப்பிலிருந்து வாய்க்காலில் இறங்கினாள். கால் ஒரு பக்கம் திரும்ப, உடம்பு ஒரு பக்கம் திரும்ப, இடது முட்டியின் சில்லு வெளிப்பக்கமாகப் போய் நின்றுகொண்டது. அம்மா நாகம்மா ஓடிவந்து காலை மெல்ல நீட்டி, சில்லை உள்ளே தள்ளினாள்.

“எலும்புதான் இடத்துக்கு வந்துடுச்சே, அப்புறம் என்னா? யாருகிட்டயும் மூச்சு விடாத. முட்டி நழுவுற பொண்ணுன்னா ஒருத்தனும் கட்டமாட்டான்.”

சில வாரம் காலைக் கட்டி, ஓரிடத்தில் உட்காரவைத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. நாகம்மா மறுநாளே மகளைக் களையெடுக்க அனுப்பிவிட்டாள்.

ஊத்தங்கரைப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்த கெம்பம்மா கில்லாடி. நடக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள், பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. பூவம்மாள் பிசகில்லாமல் நடந்துகாட்டினாள். 1945-இல் கெம்பம்மாவின் இளைய மகன் சென்றாயனுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள்.

மூன்றாம் மாதம் அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு மாலைக்கண் என்று தெரிந்தது. கெம்பம்மா சத்தமே போடவில்லை. வண்டி கட்டச் சொல்லி அவளை அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்து, நிம்மதியாகக் களி தின்றாள். பூவம்மாள் தன் களியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

கேழ்வரகு அரைத்துவிட்டு எழுந்தால் சில்லு நழுவும், குடத்தோடு திரும்பினால் நழுவும். காலை நீட்டி, புடவை மறைவில் கட்டைவிரலால் ஒரு தள்ளு. உயிர் போகிற வலியிலும் வாய் திறக்கமாட்டாள். இரண்டு பிள்ளைகள் பிறந்ததும் பயம் இன்னும் கூடியது. அவளைத் திருப்பி அனுப்பினால் பிள்ளைகள் இங்கேயே நின்றுவிடும். ஊர் நியாயம் அது, கேடுகெட்ட நியாயம்.

கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து நழுவுவது தானாகவே நின்றது. பூவம்மாள் யாருக்கும் காரணம் சொல்லாமல் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். அடுத்த வருடமே முட்டி வீங்கியது, காலையில் மடங்க மறுத்தது. கெம்பம்மா அதைச் சோம்பல் என்று திட்டினாள். நல்லவேளை என்று பூவம்மாள் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டாள்.

1957-இல் ஒரு நாள் கடலைக்காட்டில் களையெடுக்கக் குத்தவைத்தவளால் எழவே முடியவில்லை. சென்றாயன் அவளைத் தூக்கிப்போய் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முட்டிமேல் கைவைத்து மடக்கினார். உள்ளே மணல் அரைபடுவது போலிருந்தது.

“முப்பது வயசுல அறுபது வயசு முட்டி. சில்லு எப்பவாவது நழுவியிருக்கா?”

பக்கத்தில் சென்றாயன் நின்றிருந்தான். பூவம்மாள் புடவையை முட்டிமேல் இழுத்துவிட்டாள். “இல்லீங்க.”

“நழுவும்ங்க,” என்றான் சென்றாயன். “ரொம்ப வருசமா.”

“அதான். ஒவ்வொரு தடவையும் எலும்புமேல இருக்கிற வழவழப்பைச் சுரண்டிட்டுப் போயிருக்கு. இப்ப எலும்போட எலும்பு உரசுது. இது மூட்டுவாதம்மா. ஆரம்பத்துலயே வந்திருந்தா ஓரளவு தடுத்திருக்கலாம். இனி வலிக்குத்தான் மருந்து. குத்தவைக்கவே கூடாது.”

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்ததும் பூவம்மாள் கேட்டாள், “மாமா, உனக்கு எப்பத் தெரியும்?”

“நீ வந்த வருசமே. தூக்கத்துலகூட முட்டிமேல கைய வச்சுக்கிட்டுத்தான் படுப்ப.”

“அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

சென்றாயன் தரையைப் பார்த்தான். “கேட்டா நீ சொல்லிடுவ. சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும். அம்மாவுக்குத் தெரிஞ்சுடும். அண்ணிய அனுப்பின மாதிரி உன்னையும் அனுப்பியிருக்கும். எனக்கு அம்மாவ எதுத்துப் பேச வராது பூவா.”

பன்னிரண்டு வருடம் அவள் மறைத்த வலிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, அவனும் அதே கிழவிக்குப் பயந்திருக்கிறான். அவன்மேல் வந்த கோபம் அவளுக்குக் கெம்பம்மாமேல்கூட வந்ததில்லை. அழுகையும் வந்தது.

“இப்ப வீட்டுல போயி என்னா சொல்றது?”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“இன்னைக்குக் காட்டுல விழுந்துட்டேன்னு சொல்லிடு,” என்றான்.

பூவம்மாள் சரி என்று தலையாட்டினாள்.