ஜாக்கெட்டைத்தான் பாக்கிறது, ஆளை இல்லை

அடுத்தவன்ரை குளிர் ஜாக்கெட்டை வாங்கிக் கொக்கியிலை கொழுவிற வேலை லேசெண்டு நினைக்கிறியளோ? கவுண்டருக்குப் பின்னாலை நிண்டு கால் உளைஞ்ச ஆக்கள் உங்களிலையும் இருப்பியள், உங்களுக்கு விளங்கும். ஜேர்மனியிலை, டுசல்டோர்ஃபிலை ஆம்பிளையளை விரும்பிற ஆம்பிளையள் ஆட வாற பழைய கிளப் ஒண்டு கிடக்கு. அதின்ரை வாசலிலை ஜாக்கெட்டுகளை வாங்கிவச்சு இலக்கம் போட்ட வில்லை குடுக்கிற பொம்பிளை நான். இளமையிலை சேர்ந்தனான், இப்ப முழங்கால் சொல்வழி கேக்குதில்லை.

கோயில் ஆக்களுக்கு மட்டும் நாடகத் தியேட்டரிலை வேலை எண்டு சொல்லி வச்சிருந்தன். எங்கடை சனத்தின்ரை வாய் தெரியுந்தானே. கோயில் மடைப்பள்ளியிலை என்னோடை சமைக்கிற வசந்தியக்கா, நாடகத்துக்கு ஓசி ரிக்கெற் எடுத்துத் தா எண்டு ஒரே அரியண்டம்.

மணியடிச்சால்தான் கதவு

நான் சேர்ந்த காலத்திலை கிளப்புக்குப் பெயர்ப்பலகையே இல்லை. மணியடிக்கோணும். முதலாளி ரொல்ஃப் கதவிலை கிடக்கிற சின்ன ஓட்டையாலை ஆளைப் பாத்துப்போட்டுத்தான் திறப்பார். ஆடுறதுக்கு வாறவையோடை அடிக்கிறதுக்கு வாறவையும் இருந்தவை.

எனக்கும் பயந்தான். என்ரை பக்கத்துச் சுவரிலை ஒரு பிள்ளையார் படத்தைக் கொழுவினன். ரொல்ஃப் கன நேரம் பாத்துப்போட்டு, ஆர் இவர் எண்டு கேட்டார். வாசலிலை காவல் இருக்கிறவர் எண்டன்.

"நல்லதாப் போச்சு, இனி நான் லீவு எடுக்கலாம்" எண்டார்.

பாண் கடை

ரொல்ஃப் ஒரு சட்டம் வச்சிருந்தார். வெளியிலை எங்கடை வாடிக்கையாளரைக் கண்டால், அவர் முதல் வணக்கம் சொன்னால்தான் நாங்கள் சொல்லலாம். இல்லாட்டி நாங்கள் அந்த ஆளைக் கண்டதே இல்லை.

ஒருநாள் காலமை பாண் வாங்கப் போனால், எங்கடை கிளப்புக்கு வாற வாத்தியார் ஒருத்தர் மனிசி பிள்ளையளோடை நிக்கிறார். என்னைக் கண்டதும் மனிசன்ரை முகம் வெளிறிப்போச்சு. நான் காணி வாங்கிற ஆள் மாதிரி ஒவ்வொரு பாணாய் ஆராய்ஞ்சுகொண்டு நிண்டன். அந்தச் சனிக்கிழமை கோட்டைக் கழட்டித் தந்துகொண்டு வாத்தியார் சொன்னார்:

"எவ்வளவு வடிவா என்னைப் பாக்காமல் நிண்டனீங்கள்!"

ஆரும் எடுக்காத கோட்டு

எய்ட்ஸ் வந்து ஆக்களை அள்ளிக்கொண்டு போன காலம். எங்கடை வாடிக்கையாளர் ஒருத்தர் ஆடிக்கொண்டு நிக்கேக்கை விழுந்து, அம்புலன்ஸிலை போனவர் பிறகு வரேல்லை. அவரின்ரை சாம்பல் நிறக் கோட்டு அப்பிடியே தொங்கிச்சுது. அதைத் தொடாதை எண்டு ரொல்ஃப் சொல்லிப்போட்டார்.

பிறகு ஒரு பகல், அவரின்ரை தாய் தேடிக்கொண்டு வந்தா. கோட்டை வாங்கி நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு, மகன் இஞ்சை எப்பிடி இருந்தவன் எண்டு கேட்டா. அவர் சிரிச்சால் பாட்டுச் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேக்கும் எண்டு சொன்னன். எனக்கு அழுகை வந்திட்டுது. அந்த மனிசி அழேல்லை.

"வீட்டிலை அவன் சத்தமாய்ச் சிரிச்சு நான் கேட்டதே இல்லை" எண்டா.

மெல்லிய ஜாக்கெட்

இப்ப கிளப்புக்கு வெளிச்சம் போட்ட பலகை இருக்கு. போன மாரியிலை, வெளியிலை பனி கொட்டேக்கை, ஒரு பெடியன் சேட்டுத் துணி மாதிரி மெல்லிய ஒரு ஜாக்கெட்டைக் கழட்டி நீட்டினான். இந்தக் குளிருக்கை இதையோ போடுறது எண்டு டொச்சு மொழியிலை பேசிக்கொண்டு நிமிர்ந்தால், வசந்தியக்காவின்ரை மகன் நிரூபன். வங்கியிலை வேலை செய்யிற, கலியாணம் பேசிற வயசுப் பெடியன்.

அவன் விறைச்சுப்போனான். அவன்ரை விசயம் தெரிஞ்சால் தாய் வீட்டுக்கை எடுப்பாவோ தெரியாது, என்ரை வேலை தெரிஞ்சால் கோயில் சனம் என்ன சொல்லுமோ தெரியாது. வில்லையைக் குடுத்து, ரொல்ஃபின்ரை சட்டத்தைச் சொன்னன். வெளியிலை நீ வணக்கம் சொன்னால்தான் தம்பி நானும் சொல்லுவன்.

"அப்ப நான் ஒருநாளும் சொல்லமாட்டன் அன்ரி" எண்டான்.

மடைப்பள்ளி

சொன்ன மாதிரித்தான் நடந்தான். கோயிலுக்கு அவன் வந்தால் நான் பூசணிக்காயைப் பாப்பன். என்ரை பெடியனோடை உனக்கென்ன கோவம் எண்டு வசந்தியக்கா கேட்டும் பாத்தா.

ஒரு திருவிழா அண்டு மடைப்பள்ளியிலை நாங்கள் மூண்டு பேர்தான். நிரூபன் அண்டா கழுவிக்கொண்டு நிண்டான். மியூனிக்கிலை ஒரு பொம்பிளை சரிவந்திருக்கு, வாற கிழமை பாக்கப் போறம், நீயும் வாவன் எண்டு வசந்தியக்கா என்னைக் கேட்டா. நிரூபன் கையைத் துடைச்சுப்போட்டு நேரை என்னட்டை வந்து, "வணக்கம் அன்ரி" எண்டான். நான் காய் வெட்டின கத்தியைக் கீழை வச்சிட்டன்.

வணக்கம் தம்பி எண்டு சொல்லத்தான் வேணும், சொன்னன். பிறகு அவன் தாய்க்குச் சொன்னான். தான் ஆடப்போற கிளப்பிலை ஜாக்கெட் வச்சிருக்கிறது அன்ரிதான். அது ஆம்பிளையளை விரும்பிற ஆம்பிளையளின்ரை கிளப். தானும் அப்பிடித்தான், பொம்பிளை பாக்கவேண்டாம். வசந்தியக்கா வாங்கிலிலை இருந்திட்டா. சோறு பொங்கி வழிஞ்சுது, நான் எழும்பி அடுப்பை நூத்தன். எங்கள் ரெண்டு பேரையும் வெளியிலை போகச் சொல்லப்போறா எண்டுதான் நினைச்சன். சேலைத் தலைப்பாலை கண்ணைத் துடைச்சுப்போட்டு, அவனைப் பாக்காமல், என்னைக் கேட்டா:

"அங்கை இவன் தடிச்ச ஜாக்கெட்டோ போட்டுக்கொண்டு வாறவன், இல்லாட்டி அந்த மெல்லிசோ?"

மெல்லிசுதான் எண்டு நான் போட்டுக்குடுத்ததிலை நிரூபனுக்கு இன்னும் என்னிலை கோவம், ஆனால் வசந்தியக்கா ஓசி ரிக்கெற் கேக்கிறதை ஒருமாதிரி விட்டிட்டா.