விழித்திருப்பவர்களின் டாக்டர்

எங்கள் ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டருக்கு முப்பத்தாறு வயது, புது டாக்டருக்கு நாற்பத்தெட்டு. சின்னவர் சொல்லிக்கொடுப்பவர், புதியவர் கற்றுக்கொள்பவர். சீட்டு எழுதும் மேசையில் உட்கார்ந்துகொண்டு இதை நான் நாளுக்குப் பத்துப் பேருக்காவது விளக்க வேண்டியிருந்தது. முதல் மாதம் பொறுமையாகச் சொன்னேன். பிறகு, எடை மெஷினில் ஏறி நில்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

புது டாக்டரம்மா இருபது வருஷம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தவர். அதை ஏன் விட்டீர்கள் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். பத்து வரைக்கும் எண்ணச் சொல்வாராம், ஆறுக்குள் தூங்கிவிடுவார்களாம். இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளிகூடத் தன்னிடம் ஒரு கதையைச் சொல்லி முடித்ததில்லை என்றார். எல்லா நோய்க்கும் பார்க்கிற கிராமத்து டாக்டராக ஒரு வருஷப் பயிற்சிக்கு வந்திருந்தார். வருஷக் கடைசியில், இவர் தனியாக நோயாளிகளைப் பார்க்கலாம் என்று சின்ன டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த வருஷம் வீண்.

போடுவாரா என்று எனக்கே சந்தேகம்தான். புது டாக்டருக்குக் கை என்னவோ தங்கமான கை. அவர் ஊசி போடுவதைக் குழந்தைகள் அழ மறந்து பார்த்துக்கொண்டிருக்கும். பேச்சுதான் வராது. உள்ளே போனவர்கள் மூன்று நிமிஷத்தில் வெளியே வந்து, மீதிக் கதையை என்னிடம் சொன்னார்கள். அவருடைய பழைய வேலையில் நோயாளி சத்தமில்லாமல் கிடந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். புலம்புகிறவர்களை விழுந்து விழுந்து கவனித்தார். சும்மா இருப்பவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மோட்டார் மெக்கானிக் சும்மா இருப்பவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அவர் மனைவியே முன்பெல்லாம் என் மேசையருகே நின்று கேலி செய்வாள். இருவருக்கும் சர்க்கரை நோய். இருவருக்கும் அவள்தான் சீட்டு வாங்குவாள், இருவருக்குமாக அவளே பேசிவிடுவாள். புது டாக்டர் வருவதற்கு நான்கு மாதம் முன்பு அவள் மாரடைப்பில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் ஒரு இரும்புத் துண்டு அவர் இடது காலில் விழுந்து புண்ணானது. வாராவாரம் செவ்வாய்க்கிழமை கட்டு மாற்ற வருவார். புண் ஆறவில்லை, சர்க்கரையும் இறங்கவில்லை. இப்படியே போனால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று சின்ன டாக்டர் எச்சரித்திருந்தார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று புது டாக்டர் கேட்பார், அவர் தலையாட்டுவார். புது டாக்டர் அளவைக் கூட்டி எழுதுவார். இரண்டு முறை கூட்டினார். நானும் சீட்டு எழுதும்போது அதையே கேட்டு, ஆம் என்று எழுதினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சரிந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. நான் எழுந்து ஓடினேன். புது டாக்டர் எப்போது வந்தார் என்றே தெரியாது. மெக்கானிக்கின் தாடையைத் தூக்கிப் பிடித்து, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, நரம்பில் ஊசியை ஏற்றி, குளுக்கோஸ் பாட்டிலை என் கையில் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். சர்க்கரை பாதாளத்துக்குப் போயிருந்தது. சில நிமிஷத்தில் மெக்கானிக் கண் திறந்தார். அந்த அறையில் அன்று நான் பார்த்த டாக்டரை அதற்குமுன் பார்த்ததே இல்லை.

மறுபடி இறங்கக்கூடும் என்பதால் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. வர முக்கால் மணி நேரம் ஆகும். நோயாளி கண் விழித்ததும் புது டாக்டரின் பழைய வேலை முடிந்துவிடும். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கதவு வரை போனவர் திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு வாரமா ஒரே அளவுதான் எழுதியிருக்கேன். இன்னிக்கு மட்டும் ஏன் இப்படி இறங்கிச்சு?"

மெக்கானிக் பேசவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் புது டாக்டர் அடுத்த சீட்டைக் கூப்பிடுவார். அன்று கூப்பிடவில்லை. பாட்டிலைப் பிடித்த என் கை மரத்துப்போனது, அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுதியதைச் சாப்பிட்டிருந்தால் முன்பே இறங்கியிருக்கும், தலையாட்டியதும் பொய்யில்லை என்று கணக்குப் போட்டிருப்பார் போல. கடைசியில் கேட்டார்.

"இதுவரைக்கும் யாரோட மாத்திரைய சாப்பிட்டீங்க?"

மெக்கானிக் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவளோடது. டப்பா நிறைய இருந்துச்சு டாக்டரம்மா. தூக்கிப் போட மனசு வரல. தினம் ஒண்ணா அவளுக்காகப் போட்டுக்கிட்டேன். சனிக்கிழமையோட தீந்துபோச்சு. ஞாயித்துக்கிழமைலேந்து என்னோடது."

அவளுக்கு எழுதியது மிகச் சின்ன அளவு. அதைத் தின்றுகொண்டிருந்தவருக்குச் சர்க்கரை எப்படி இறங்கும்? இறங்காததைப் பார்த்துப் புது டாக்டர் கூட்ட, கூட்டிய அளவு முழுவதையும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மெக்கானிக் வாயில் போட்டுக்கொண்டார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எல்லோரும்தான் கேட்டோம்.

"அவங்க எப்படிப்பட்டவங்க? சொல்லுங்க," என்றார் புது டாக்டர்.

வாழ்நாளில் சேர்த்துவைத்ததையெல்லாம் அந்த மனிதர் அன்று பேசினார். அவள் கோபம், அவள் குறட்டை, ஸ்பானர் தேடினால் சமையலறையிலிருந்தே இருக்கும் இடத்தைச் சொல்லும் சாமர்த்தியம். பேச்சுக்கு நடுவே ஒருமுறை புது டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தபோது நான் பாட்டிலைப் பிடித்தபடியே கதவுப் பக்கம் திரும்பி முறைத்தேன்.

வண்டி போனதும் புது டாக்டர் நேராகச் சின்ன டாக்டரிடம் போய், தப்பு தன்னுடையது என்றும், கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொன்னார். இன்று வரைக்கும் அந்த மனிதரின் மனைவி பெயரைக்கூடக் கேட்டதில்லை என்றார். சின்ன டாக்டர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

மெக்கானிக் தன் மாத்திரையைச் சரியான அளவில் சாப்பிட ஆரம்பித்தார். பாதம் தப்பியது. பதினொரு வாரத்தில் புண் மூடியது. வருஷம் முடிய ஐந்து நாள் இருந்தபோது சின்ன டாக்டரே அவர் காலைப் பார்த்தார். பிறகு, இனிமேல் என்னிடம் வருகிறீர்களா, உங்களைப் பழையபடி நானே பார்க்கிறேன், என்று கேட்டார். கேட்டது வெறும் உபசாரத்துக்கா, வேண்டுமென்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மெக்கானிக் செருப்பை மாட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். நான் அந்த டாக்டரம்மாகிட்டயே வர்றேன். அவங்களுக்கு என் வீட்டுக்காரிய நல்லாத் தெரியும்."

சின்ன டாக்டர் என்னிடம் பேனா கேட்டார்.