பதினோரு மணி வாடை

ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் ஏசி மெயின்டெனன்ஸ் பார்த்தேன். லைனில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்கு அங்கே ஒரு காப்பகம் இருந்தது. பழைய ஸ்டோர் ரூமை மாற்றி, இது நடந்த வருடம்தான் திறந்திருந்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட செல்வி அக்கா ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தினமும் காலை பதினோரு மணிக்கு சிகரெட் வாடை வருகிறதாம், தூங்கும் குழந்தைகள் இருமிக்கொண்டு எழுகிறார்களாம்.

"ஆளே இல்ல தம்பி. கதவு சாத்தித்தான் கீது. யாரோ வந்து தொட்டிலாண்ட நின்னுனு போற மாறி கீது."

முன்பு அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்து இறந்துபோன செக்யூரிட்டி ஒருவர் ஓயாமல் புகைப்பவராம். அவர்தான் வருகிறார் என்று செல்வி அக்கா ஜன்னலில் வேப்பிலை செருகி வைத்திருந்தார். யாழினி என்ற ஒன்றரை வயதுக் குழந்தைக்குத்தான் ரொம்ப மோசம். வீஸிங் வந்து, வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்குப் போய் நின்றேன். வாடை இல்லை. அடுத்த இரண்டு நாளும் இல்லை. குழந்தைகள் அயர்ந்து தூங்கினார்கள். அது என்னைக் கண்டு பயப்படுகிறது என்றார் செல்வி அக்கா. சிரித்துவைத்தேன். ஆனால் அந்த அமைதி எனக்கும் என்னவோ போலிருந்தது.

நான்காம் நாள் காப்பகத்துக்குப் போகவில்லை. மூன்று நாளாக விட்டுப்போன டீ பிரேக் சிகரெட்டுக்காக ஏஎச்யூ ரூமுக்குப் போனேன். காற்றைக் குளிரவைத்து அனுப்பும் மெஷின் இருக்கும் அறை அது. வேறு யாரும் வர மாட்டார்கள். ஊதிய புகையும் நிற்காது, உடனே மறைந்துவிடும். வருடக்கணக்காக அதுதான் என் இடம். பாதி சிகரெட்டில் போன் அடித்தது.

"தம்பி, இப்ப வந்துட்ச்சு. யாழினிக்கு மூச்சு வாங்குது. ஓடியா."

கையைப் பார்த்தேன். புகை மேலே ஏறவில்லை. படுக்கையாக நீண்டு மெஷினின் ஃபில்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த அறையின் காற்றைத்தான் மெஷின் இழுத்து, டக்ட் என்ற காற்றுக் குழாய் வழியாகக் காப்பகத்துக்குத் தள்ளுகிறது. தூசியை நிறுத்தும் ஃபில்டர் புகையை நிறுத்தாது. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மாதாமாதம் அந்த ஃபில்டரைக் கழுவியவனே நான்தான்.

ஓடினேன். யாழினிக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே ஒட்டியது. தூக்கக் கை நீட்டினேன். செல்வி அக்கா என் சட்டைப் பக்கம் மூக்கைச் சுளித்தார், என் முகத்தைப் பார்த்தார், குழந்தையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கம்பெனியின் முதலுதவி அறைக்கு ஓடினார்.

அன்றைக்கே மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெமோ கொடுத்தார்கள், அறையைப் பூட்டினார்கள். யாழினியின் அம்மா முத்துமாரி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அவரிடமும் நானே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன்.

"எம் பாலுதான் பிள்ளைக்கு ஒத்துக்கலைன்னு நெனச்சு நிப்பாட்டிட்டேம்ணே," என்றார். அவ்வளவுதான்.

யாழினிக்கு வீஸிங் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. நான் சிகரெட்டை விட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கண்ணுக்கு மறைந்த புகை எங்கேயோ போய்ச் சேருகிறது. அந்த இடத்தில் யார் மூச்சு விடுகிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.