கல்மரப் பிள்ளையார்

நாகேஸ்வரி பாரிசுக்கு வந்த முதல் வருடம், ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறைக் குசினியில் சட்டி கழுவினாள். அவளுடைய அண்ணன் பொன்னம்பலம் அதே குசினியில் கொத்துரொட்டி போடுகிறவர். அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஐப்பசியில் கந்தசட்டி தொடங்கியது. விரதம் பிடிக்கிறவள் ஆட்டிறைச்சிச் சட்டியை எப்படித் தேய்ப்பது என்று அவளுக்கு மனம் கூசியது. முதலாளியிடம் சொல்லப் பயம். முருகா, நீயே பார் என்று சொல்லிக்கொண்டு படியிறங்கினாள். அன்றைக்கு அவளுடைய தொட்டியில் சோற்றுப் பானையும் பருப்புச் சட்டியும் தேத்தண்ணிக் கேத்தலும்தான் கிடந்தன. அடுத்த நாளும் அப்படியே. சனம் மரக்கறிக்கு மாறிவிட்டது போல என்று நினைத்தாள். சூரன்போர் அன்று கொஞ்சம் வெள்ளென வந்தபோதுதான் கண்டாள். பின்பக்கம் குப்பை வாளியடியில் அண்ணன் குந்தியிருந்து, இறைச்சிச் சட்டிகளை ஒவ்வொன்றாக உரஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கிறாய்? போய் உன்ரை வேலையைப் பார்" என்று அதட்டினார். பிறகு அதைப்பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

அவர் அப்படித்தான். மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் ஐந்தாம் மாடியில் ஓர் அறை. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே சாமிப்படம். ஆவணியில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருவில் பிள்ளையார் தேர் ஓடும்போது எல்லோரும் வடம் பிடிக்க முண்டியடிப்பார்கள். பொன்னம்பலம் தேருக்குப் பின்னால் விளக்குமாற்றோடு போவார். உடைத்த தேங்காய்ச் சிதறலில் சின்னப்பிள்ளைகளின் கால் வெட்டிவிடக் கூடாது என்பது அவர் கவலை. கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "ஒருத்தரும் கேக்கேல்லை" என்று சிரிப்பார்.

நாகேஸ்வரியின் புருஷன் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் தர்மிளா அப்போது குழந்தை. பாரிசுக்கு வெளியே, தங்கை குடியிருந்த சார்செல் அடுக்குமாடியில் இருந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது மாமன்தான். காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் ஓடினதும் மாமன்தான். அவள் பிரெஞ்சில் கதைப்பாள், அவர் தமிழில் பதில் சொல்லுவார். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் தெரிந்ததில்லை. பிறகு தர்மிளா படித்து, அமெரிக்காவுக்கு வேலைக்குப் போய், அங்கே கவியரசன் என்ற கோயம்புத்தூர்ப் பையனைக் கட்டி, அரிசோனாவில் குடியிருந்தாள்.

அவள் பிள்ளைத்தாய்ச்சியானபோது மருமகன் வீட்டார் வளைகாப்பு வைத்தார்கள். தாய்மாமன் முன்னுக்கு நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணனும் தங்கையும் விமானம் ஏறினார்கள்.

வளைகாப்பு முடிந்த பிறகு கவியரசன் அவர்களைக் காரில் ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அரசாங்கம் காக்கிற கல்மரக் காடு என்றான். போய் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பச்சை இலை இல்லை. சிவப்பும் ஊதாவும் சாம்பலுமாக வரி வரியாக மண்திட்டிகள். காற்று, வெயில், வேறொன்றும் இல்லை.

"தம்பி, காடெங்கை?" என்றார் பொன்னம்பலம்.

"இதானுங்க மாமா காடு. படுத்துட்டு இருக்குது."

அப்போதுதான் அவர்கள் பார்த்தார்கள். அரிந்து உருட்டிவிட்ட மாதிரி அடிமரங்கள் நிலமெங்கும் கிடந்தன. பட்டை இருந்தது, கொப்பு முறிந்த கணு இருந்தது, வெட்டுமுகத்தில் வளையங்கூட இருந்தது. நாகேஸ்வரி கையை வைத்தாள். சுட்டது, கல். காலடியில் கோடாலியால் கொத்தின விறகுச் சிராய் மாதிரித் துண்டுகள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் கல். மரமென்று நினைத்துத் தொட்டது மரமில்லை என்றால், மனம் ஒரு கணம் கால் வழுக்கின மாதிரித்தான் இருக்கிறது.

"ஆறு அடிச்சுட்டு வந்து சேத்துல பொதைச்சிருச்சுங்க அத்தை. தண்ணியில கரைஞ்சிருந்த தாதெல்லாம் மரத்துக்குள்ள போயி உக்காந்து, மரம் போயி கல்லு நின்னுருச்சு. இருவது கோடி வருசத்துக்கு மேல ஆச்சு."

"சிவசிவா" என்றாள் நாகேஸ்வரி.

"ஆனா மாமா, சின்னத் துண்டுகூட எடுக்கக் கூடாதுங்க. சட்டம் இருக்கு. போறப்ப கேப்பாங்க."

"நான் ஏன் ராசா எடுக்கிறன்? லாச்சப்பலிலை விறகுக் கடையோ போடப் போறன்?"

தர்மிளா வெயிலுக்குப் பயந்து காருக்குள்ளேயே இருந்தாள். நாகேஸ்வரி மகளுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டாள். பொன்னம்பலம் வர நேரமாயிற்று. வந்தவர், அந்த வெயிலுக்குள் கோட்டுப் பொத்தானைப் பூட்டியிருந்தார். வாசலில் சீருடை போட்ட பெண் காருக்குள் குனிந்து, ஏதும் எடுத்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றான் கவியரசன். பொன்னம்பலம் நேரே முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாரிசுக்குத் திரும்பி வந்த கிழமை, நாகேஸ்வரி அண்ணனுக்கு இடியப்பம் கொண்டு போனாள். சாமிப்படத்துக்கு முன்னால் வெள்ளித் தட்டில் ஏதோ இருந்தது. சந்தனப் பொட்டு, அறுகம்புல்.

"அண்ணை, உதென்ன?"

"பாத்தால் தெரியேல்லையே?"

குனிந்து பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சிவந்த கல். பானை வயிறு. வலப்பக்கம் வளைந்த தும்பிக்கை. ஒரு காது உடைந்திருந்தது. யாரும் செதுக்கவில்லை, ஆனால் பிள்ளையாரேதான்.

"அங்கையிருந்தோ எடுத்தனியள்? எடுக்கக் கூடாதெண்டு மருமோன் சொன்னவரெல்லே!"

"கல்லை எடுக்கக் கூடாதெண்டவன். நான் கல்லை எடுக்கேல்லை. இவர் அந்த வெயிலுக்கை, ஒரு சொட்டுத் தண்ணி வாக்க ஆளில்லாமல் முகங்குப்புறக் கிடந்தார். விட்டிட்டு வா எண்டால் நீ வருவியோ?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, குட்டிக் கும்பிட்டாள். அப்பனே, என்ரை பிள்ளைக்குச் சுகப்பிரசவத்தைக் குடு என்று அவரிடமே கேட்டாள்.

அது நடந்து கொஞ்ச நாளில் கவியரசனின் அழைப்பு வந்தது. நாகேஸ்வரி அப்போது ரூ காயில் ஒரு சேலைக்கடையில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நாள் வரும் முன்னமே தர்மிளாவுக்கு வலி வந்து, பிள்ளை பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தானாக மூச்செடுக்கவில்லை. தர்மிளாவின் குரல் ஒரு சொல்லுக்கு மட்டும் கேட்டது: "அம்மா." பிறகு அழுகை.

போக வழியில்லை. நாகேஸ்வரியின் கடவுச்சீட்டு அந்த மாதம்தான் காலாவதியாகியிருந்தது. நகரசபையில் புதிதுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். சார்செலில் இருந்து வேலைக்கு வருகிற ரயிலில் இருந்தபடியே தேவாரம் சொன்னாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் பிள்ளைக்காகக் கும்பிடச் சொன்னாள். பக்கத்து மெசினில் தைக்கிற மர்கரீத், பாண்டிச்சேரிக்காரி, நல்ல மனுசி, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவதாகச் சொன்னாள். நாகேஸ்வரி கைபேசியில் பிள்ளையாரின் படத்தைக் காட்டினாள்.

"இவரிட்டைத்தான் பொறுப்புக் குடுத்திருக்கிறன். பாலைவனத்திலை கிடந்தவர். மரம் கல்லானதாம்."

மர்கரீத் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "இது கல்மரமாச்சே நாகேஸ்வரிக்கா! எங்க ஊருக்குப் பக்கத்துல, திருவக்கரையில கெடக்குது. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போயிருக்காங்க. அசுரனோட எலும்புன்னு சொல்லுவாங்க. சாமி கொன்னு போட்டதுல, எலும்பு கல்லாயிடுச்சாம்." தையலைத் தொடங்கப் போனவள் நிமிர்ந்தாள். "அதப் போயா வூட்டுல வச்சிக் கும்புடுறீங்க?"

நாகேஸ்வரிக்கு அன்றைக்கு ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை.

வேலை விட்டதும் நேரே அண்ணனின் அறைக்கு ஏறினாள். மூச்சு வாங்கியது. அவர் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. அசுரன்ரை எலும்புக்கோ நான் என்ரை பேரப்பிள்ளையைப் பொறுப்புக் குடுத்தனான்?"

"ஆர் சொன்னது?"

"மர்கரீத்."

"வேதக்காரியிட்டையோ பிள்ளையாரைப்பற்றி விசாரிச்சனி?" என்று சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அசுரனோ சாமியோ, களவெடுத்தது களவெடுத்ததுதானே? சொன்னாப்பிறகும் எடுத்தனியள். ஒளிச்சுக்கொண்டு வந்தனியள். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள்ளை கிடக்கு. பாசல் போட்டு அனுப்புங்கோ."

"பிள்ளையாரைப் பாசல் போடச் சொல்லுறியோ?"

கவியரசனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள். அவன் ஆசுபத்திரி வாசலில் நின்று கதைத்தான். குரலில் களைப்பு. "குடுத்தா வாங்கிக்குவாங்க மாமா. நெறையப் பேரு எடுத்துட்டுப் போயி, பயந்துபோயி திருப்பி அனுப்புறாங்களாம். ஆனா எடுத்த எடத்துல வைக்க மாட்டாங்க. எங்கிருந்து வந்ததுன்னு தெரியாம கணக்குக் கொழம்பிருமாம். ஒரு ஓரமா குமிச்சு வச்சிருக்காங்க, அதுல போட்டுருவாங்க."

பொன்னம்பலம் பால்செம்பைக் கீழே வைத்தார். "குப்பை மாதிரி" என்றார். "அபிசேகம் செய்து, பூ வைச்சுக் கும்பிட்டவரை நான் குவியலிலை கொண்டுபோய்க் கொட்டுறதோ? அதுக்கு என்னாலை ஏலாது."

நாகேஸ்வரி சொன்னது அப்போதுதான். நாக்கில் சனி இருந்திருக்க வேண்டும். "உங்களுக்கென்ன தெரியும்? ஒண்டைப் பெத்திருந்தாலெல்லே அந்த வயித்தெரிவு தெரியும்."

தர்மிளாவைத் தூக்கின அந்தத் தோள் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி அவளுக்குப் பட்டது. அவர் ஒரு கிளாசில் தண்ணீர் வார்த்து அவளிடம் நீட்டினார். அவள் குடிக்காமலே இறங்கிப் போனாள்.

அடுத்த நாள் அவரே தொலைபேசி எடுத்தார். "நாகேசு, நான் போறன். கையாலை கொண்டு போய்க் குடுக்கிறன். பிள்ளையையும் பாத்த மாதிரி." முதலாளி கத்தியதையோ, அந்த வயதில் தனியாக அவ்வளவு தூரம் பறக்கப் பயந்ததையோ அவர் சொல்லவில்லை. ஓம் என்றாள் நாகேஸ்வரி. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள், பிள்ளை தேறட்டும், பிறகு ஆறுதலாகக் கேட்கலாம் என்றும் நினைத்தாள்.

அங்கே நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். அதெல்லாம் கவியரசன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். பொன்னம்பலம் முதலில் ஆசுபத்திரிக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்த்தார். பிறகு கல்மரக் காட்டுக்குப் போனார்கள். கல்லைப் புது வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருந்தார். சந்தனம் ஒட்டாமல் கழுவியிருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். எங்கே வைப்பீர்கள் என்று கவியரசனைக் கேட்கச் சொன்னார். அவள் உள்ளதைச் சொன்னாள். பொன்னம்பலம் இரண்டு கையையும் மாற்றிக் காதைப் பிடித்து, அந்த மேசைக்கு முன்னால், அத்தனை வெள்ளைக்காரர் பார்க்க, தோப்புக்கரணம் போட்டார். முழங்கால் நோகிறவர். ஏதோ உடம்பு வருத்தமாக்கும் என்று அந்தப் பெண் கதிரையை இழுத்துப் போட்டாளாம். கவியரசனுக்கு வெட்கம் ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம்.

அதற்குப் பிறகு பிள்ளை மெல்ல மெல்ல மூச்செடுக்கத் தொடங்கியது. பொன்னம்பலம் அங்கேயே தங்கி நின்றார். தர்மிளாவுக்குப் பத்தியக் கறி காய்ச்சிக் கொடுத்தார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. இதயம் என்றார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்தது அவர் போன பிறகுதான். புதுக் கடவுச்சீட்டு கைக்கு வர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணனின் தகனத்தை நாகேஸ்வரி சார்செலில் இருந்தபடி கைபேசியில் பார்த்தாள்.

லாச்சப்பலில் கதைக்கு என்ன பஞ்சம். கல்லைத் திருப்பிக் கொடுத்ததால்தான் பிள்ளை பிழைத்தது என்றார்கள். பிள்ளையை விட்டுத் தமையனை எடுத்துவிட்டது என்றார்கள். மர்கரீத் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நா வாய வச்சிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதாக்கா" என்று அழுதாள். அப்பனிடம் நான் கேட்டதற்கு யார் விலை கொடுத்தது என்று நாகேஸ்வரி இன்றைக்கும் விளக்கு வைக்கும்போது கேட்கிறாள். ஆனால் ஊர்ச்சனம் வந்து, அந்தக் கல்லாலைதானே எல்லாம் என்று தொடங்கினால், அவள் வாயைத் திறப்பதில்லை. தலையை ஆட்டுவதும் இல்லை. அதற்குக் காரணம், அண்ணனைக் கடைசியாகக் கண்ட அன்று கார் து நோர் ரயில் நிலைய மேடையில் நடந்தது.

விமான நிலையத்துக்குப் போகிற ரயில் வந்து நின்றது. சனம் இடித்துக்கொண்டு ஏறியது. பொன்னம்பலம் துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி கதவடியில் நின்றார். அவள் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். "கவனமாய்ப் போங்கோ அண்ணை" என்று மட்டும் வந்தது. கதவு மூடப் போகிற சத்தம் கேட்டது. அவர் குனிந்து, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்காத மாதிரி, அவசரமாகச் சொன்னார்:

"நாகேசு, பிள்ளை சுகமாய் வரும். வந்தால், கல்லைக் குடுத்ததாலை வந்ததெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. பாவம், பிள்ளையாருக்குக் கெட்ட பேர் வந்திடும்."