டோர்கஸ் தேய்த்தெடுத்த புகைக்கரி

பிரிம்லிங் ஊரில் பின்னாக் குடும்பத்துப் பழைய வீட்டைக் கிழவர் ஜோசையா நடுவில் சுவர் எழுப்பிப் பங்கு பிரித்தார். கிழக்குப் பாதி மூத்த மகன் ஆம்ப்ரோஸுக்கு, மேற்குப் பாதி இளையவன் எட்வினுக்கு. கிழக்கே வாழ வந்தவள் ஹெஸ்டர். மேற்கே வந்தவள் டோர்கஸ்.

ஹெஸ்டரின் பங்கில் புகைபோக்கி வைத்த கல் அடுப்படி இருந்தது. அதன் நெற்றியில் கட்டிய வருஷம் 1584 என்று செதுக்கியிருக்கும். பாதிரியார் தம் விருந்தாளிகளை அதைப் பார்க்கத்தான் கூட்டி வருவார். தன் வாசலைத் தாண்டிப் போகும் அந்தப் பூட்ஸ் சத்தம் கேட்டாலே டோர்கஸுக்கு வயிறு எரியும்.

இவள் பங்கில் என்ன இருந்தது? பரணில் கன்னங்கரேலென்று கூரை மரங்கள். கல்யாணமான புதிதில் ஏறிப் பார்த்த ஹெஸ்டர், "என்னடி இது, புகைபோக்கிக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு! இதுலயா குடித்தனம் பண்ணப்போற?" என்று சிரித்தாள். டோர்கஸ் அந்தக் கோடை முழுக்கச் சலவைச் சோடாவும் கம்பித் தூரிகையுமாகப் பரணிலேயே கிடந்தாள். மரத்தைத் தேய்த்தெடுத்துச் சுண்ணாம்பும் அடித்தாள்.

முப்பத்தொரு வருஷம் போயிற்று. எட்வினும் ஆம்ப்ரோஸும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உலகப் போர் ஓய்ந்தபின், பழைய கட்டடங்களைப் பட்டியல் போட குவில்டர் என்ற அரசாங்க ஆள் வந்தார். டோர்கஸின் பரணில் ஏறியவர் நெடுநேரம் இறங்கவில்லை.

"புகைபோக்கியே இல்லாத காலத்துல, நடுக்கூடத்துல தீ மூட்டின வீடு மாதிரி தெரியுதும்மா. அப்படின்னா பக்கத்துப் பாதி பிற்பாடு சேர்த்துக் கட்டினது; இது அதைவிட நூறு வருஷம் மூத்தது. ஆனா மரத்துல புகைக்கரி இருக்கணுமே?"

"இருந்துச்சுங்கய்யா. நான்தான் தேய்ச்சுட்டேன்."

"வீட்டுக்காரங்க வாய்ச்சொல்ல மட்டும் எழுத முடியாது. வேற யாராச்சும் பார்த்தாங்களா?"

பார்த்தவள் ஒருத்திதான். டோர்கஸ் போய் அவள் கதவைத் தட்டினாள்.

"அக்கா, என் பரண் கரியா இருந்துச்சுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"உன் வீடு என் வீட்டுக்கு மூத்ததுன்னு என் வாயால சொல்லணுமா?"

"ஆமா."

"அடி சக்கை! என் அடுப்படிய ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொன்னியாடி நீ?"

டோர்கஸ் அவள் தோளுக்கு மேலாக அடுப்படியை எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு."

ஹெஸ்டர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மை மாதிரி கரிங்கய்யா. நான் கேலி பண்ணேன். அந்த ரோஷத்துல இந்தப் பைத்தியம் சுரண்டிப்புட்டா."

குவில்டர் எழுதி, படித்தும் காட்டினார்: "மேற்குப் பாதியே மூத்தது. புகைக்கரி இருந்ததற்குச் சாட்சி, திருமதி ஹெஸ்டர் பின்னாக்."

"என் பேரு?" என்றாள் டோர்கஸ்.

"அழிச்சவங்கன்னு வேணா போடட்டுமா?"

அந்த ஞாயிறே பாதிரியாரின் விருந்தாளிகள் முதன்முதலாக டோர்கஸின் கதவைத் தட்டினார்கள். பரணைப் பார்த்து இறங்கியதும், "கரியைக் கண்ணால பார்த்த அந்த அம்மா எங்கே இருக்காங்க?" என்று கேட்டார்கள். அவள் பக்கத்துக் கதவைக் கை காட்டினாள்.